மெக்கானிக்கலா, இண்டஸ்ட்ரியலா? படிப்பிலிருந்து வேலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பிரஸ் மெஷின் தகட்டை வளைக்கிறது. தகடு ஒன்றுக்கு 12 விநாடி. ஆனால் ஷிஃப்ட் முடிந்து கணக்குப் பார்த்தால், சராசரியாக 40 விநாடிக்கு ஒரு பாகம்தான் வெளியே வந்திருக்கிறது. மெக்கானிக்கல் இன்ஜினியர் அந்த 12 விநாடிக்குள் தலையை விடுவார். ஹைட்ராலிக் அழுத்தம் போதுமா, டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) தேய்ந்துவிட்டதா, ராம் (மேலிருந்து அழுத்தும் பகுதி) இறங்கும் வேகத்தைக் கூட்டினால் தகடு கிழியுமா என்று பார்ப்பார். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரின் கண் மீதி 28 விநாடியில் நிற்கும். தகடு எங்கிருந்து வருகிறது, ஆபரேட்டர் ஒவ்வொரு தடவையும் ஏன் திரும்பிக் குனிகிறார், டை மாற்ற எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்பார்.

இரண்டு துறைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எந்தப் பிரிவில் சேருவது என்று யோசிப்பவர், படிப்பின் நடுவில் நிற்பவர், முதல் வேலையில் சேர்ந்து திகைத்திருப்பவர் மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தாத படியைத் தாண்டிப் போகலாம்.

படி 1: எந்தக் கேள்வி உங்களை இழுக்கிறது?

மெக்கானிக்கல் துறையின் அடிமனதில் இருக்கும் கேள்வி, ‘இது உடையுமா?’ என்பது. நீராவிக் காலத்தில் கொதிகலன்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. 1905இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளின் தொடர்ச்சியாகத்தான் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கமான ஏஎஸ்எம்இ, 1915இல் பாய்லருக்கான விதித்தொகுப்பை அச்சிட்டது. அதன் இன்றைய பதிப்பைப் பார்த்துத்தான் உலகின் பல நாடுகளில் அழுத்தக் கலன்களின் தடிமனைக் கணக்கிடுகிறார்கள்.

இண்டஸ்ட்ரியல் துறையின் கேள்வி, ‘இது ஏன் காத்திருக்கிறது?’ என்பது. ஃபிராங்க் கில்பிரெத் கொத்தனார் வேலை கற்றுக்கொண்டு வளர்ந்தவர். ஒரு செங்கல்லைப் பதிக்க 18 அசைவுகள் ஆவதைக் கவனித்து, அதை ஐந்தாகக் குறைத்தார். கொத்தனாரை வேகமாக வேலை செய்யச் சொல்லி அவர் விரட்டவில்லை. உயரம் மாற்றக்கூடிய சாரம் கட்டி, கல்லைக் குனிந்து எடுக்கத் தேவையில்லாமல் செய்தார். நல்ல முகம் எது என்று திருப்பிப் பார்க்கும் வேலையை உதவியாளரிடம் முன்கூட்டியே கொடுத்தார். அவர் மனைவி லில்லியன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கணவர் 1924இல் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் இதே துறையில் உழைத்தார். மனிதரையும் சேர்த்துக் கணக்கில் எடுப்பதுதான் இந்தத் துறையின் அழகு.

சரி, உங்களை எப்படிச் சோதித்துக்கொள்வது? நின்றுபோன மின்விசிறியைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் மெக்கானிக்கல் பக்கம் சாய்கிறீர்கள். நீண்ட வரிசையில் நிற்கும்போது எரிச்சல் எல்லோருக்கும் வரும். ‘இரண்டு கவுண்ட்டருக்கும் சேர்த்து ஒரே வரிசை வைத்தால் என்ன ஆகும்?’ என்று உங்கள் மனம் கணக்குப் போடத் தொடங்கினால் அது இண்டஸ்ட்ரியல். இரண்டும் சமமாக இழுத்தால் மெக்கானிக்கலை எடுங்கள் என்பேன். அங்கிருந்து உற்பத்தி, தரம், சப்ளை செயின் பக்கம் போவது சுலபம். எதிர்த்திசையில் போவது கடினம். உங்களுக்கு எட்டும் கல்லூரிகளில் இண்டஸ்ட்ரியல் என்ற பெயரிலேயே பிரிவு இல்லை என்றாலும் கவலை வேண்டாம். புரொடக்‌ஷன், மேனுஃபேக்சரிங் என்ற பெயர்களில் ஏறத்தாழ அதே பாடங்கள் கிடைக்கும்.

படி 2: பதவிப் பெயரை விடுங்கள், நாளைப் பாருங்கள்

‘டிசைன் இன்ஜினியர்’ என்ற பெயரில் ஓரிடத்தில் புது கியர்பாக்ஸ் வரைவார்கள். இன்னோரிடத்தில் பழைய ட்ராயிங்கில் போல்ட் நீளத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் வேலையை நாள் கணக்கில் விசாரியுங்கள். காலை எட்டு மணிக்கு எங்கே நிற்பீர்கள், யாரோடு பேசுவீர்கள், மாலையில் கையில் என்ன இருக்கும்?

டிசைனில் இருப்பவரின் பெரும்பாலான நேரம் திரைக்கு முன்னும் மீட்டிங்கிலும் போகும். வரைவதைவிட, வரைந்ததை ஏன் அப்படி வரைந்தோம் என்று மற்றவர்களுக்கு விளக்குவதே அதிகம். அனாலிசிஸ் வேலை இன்னும் தனிமையானது. அழுத்தம், அதிர்வு, வெப்பம், திரவ ஓட்டம் எல்லாம் கணினியில் நடக்கும். முதுகலைப் படிப்பு அங்கே உதவும். புராசஸ் இன்ஜினியரின் வாழ்க்கை ஷாப் ஃப்ளோரில்: எந்த வரிசையில் கடைவது, எந்த ஃபிக்ஸ்சர் (பாகத்தை அசையாமல் பிடிக்கும் அமைப்பு), எந்தக் கட்டிங் வேகம்.

மெயின்டனன்ஸ் வேலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள். இரண்டு வருடம் மெயின்டனன்ஸில் இருந்தவருக்கு எது எப்படி உடையும் என்று கைக்கே தெரியும். பேரிங் கெட்டுப்போவதற்கு முன் சத்தம் எப்படி மாறும், சீல் வழியாக எண்ணெய் எப்போது கசியும், டிசைனர் மறந்துபோன ஸ்பானர் இடைவெளி எங்கே என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் வராது. இப்போது அதிர்வுச் சென்சார், ஆயில் பரிசோதனை, வெப்பக் கேமரா என்று அந்த வேலை முன்கணிப்புப் பக்கம் நகர்ந்துவிட்டது. நான் பார்த்த நல்ல டிசைனர்களில் பாதிப்பேர் ஒருகாலத்தில் கையில் கிரீஸ் பூசிக்கொண்டவர்கள்.

கட்டடங்களுக்கான குளிரூட்டலும் காற்றோட்டமும், டெஸ்டிங், மின் உற்பத்தி நிலையங்கள், மருத்துவக் கருவிகள், ரோபாட்டிக்ஸ், வாடிக்கையாளருக்குச் சரியான பம்ப்பைத் தேர்ந்து தரும் அப்ளிகேஷன் வேலை என்று மெக்கானிக்கல் பக்கம் இன்னும் நீளும். மின்வாகனம் வந்ததால் இன்ஜின் வேலை போய்விடுமே என்று கேட்கிறார்கள். இன்ஜின் டிசைனில் ஆட்கள் குறையத்தான் செய்வார்கள். ஆனால் பேட்டரியைக் குளிர்விப்பதும் வெப்பப் பரிமாற்றம்தான். இன்ஜின் சத்தம் போனதும் அதுவரை அமுங்கிக் கிடந்த கியரின் முனகலும் காற்றின் ஓசையும் மேலே வந்துவிடுகின்றன. அதை அடக்குவதும் மெக்கானிக்கல் வேலைதான்.

இண்டஸ்ட்ரியல் ஆட்கள் தொழிற்சாலைக்குள்தான் இருப்பார்கள் என்று நினைத்தால் தவறு. கிடங்குகளில் எந்தப் பொருள் எந்த ரேக்கில் என்பதும், மருத்துவமனையில் அறுவை அரங்கின் அட்டவணையும், விமான நிலையத்தில் பரிசோதனை வரிசையும் அவர்களுடைய வேலை. வேலையை மனித உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் எர்கனாமிக்ஸ் இன்னொரு கிளை. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வகுத்த தூக்குதல் சூத்திரம், எல்லா நிலைமையும் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறது. உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தாலோ, திரும்பித் தூக்கினாலோ அந்த எண் மளமளவென்று இறங்கும். அந்தக் கணக்கைப் போட்டு, ‘இந்தப் பெட்டியை மேசை உயரத்தில் வையுங்கள்’ என்று சொல்வதும் ஒரு முழுநேர வேலை. ஆப்பிளின் டிம் குக் 1982இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1998இல் அவர் ஆப்பிளுக்குப் போனதே தேங்கிக் கிடந்த சரக்கையும் சப்ளை செயினையும் ஒழுங்குபடுத்தத்தான்.

படி 3: பாடங்களில் எதை விடாமல் பிடிப்பது

எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் தேவையில்லை. சிலவற்றில் ஓட்டை இருந்தால் மட்டும் வேலையில் தினமும் தடுக்கும்.

மெக்கானிக்கலுக்கு: விசைச் சமநிலை, பொருள் வலிமை, உலோகங்களின் குணம், உற்பத்தி முறைகள், வெப்ப இயக்கவியல். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அடுக்கைக் கவனியுங்கள். முறுக்கு விசையைத் தாங்கும் வலிமை, தண்டின் விட்டத்தின் மும்மடியில் போகிறது. 25 மிமீ தண்டை 30 மிமீ ஆக்கினால் எடை 44 சதவீதம் கூடும், வலிமையோ 73 சதவீதம். பால் பேரிங்கிலும் மும்மடிதான், ஆனால் நமக்கு எதிராக: சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். இந்த அடுக்குகள் மனதில் இருந்தால் மீட்டிங்கில் கால்குலேட்டர் இல்லாமலே ‘அது தாங்காது’ என்று சொல்லிவிடலாம்.

இண்டஸ்ட்ரியலுக்கு: புள்ளியியல் முதலில், இரண்டாவதும் புள்ளியியல். அப்புறம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (சிறந்த முடிவைக் கணிதத்தால் தேடும் துறை), வேலை அளவீடு, தரக் கட்டுப்பாடு, செலவுக் கணக்கு. இங்கேயும் இரண்டு எளிய கணக்குகள் ஆயுள் முழுக்கச் சோறு போடும். ஒன்று, ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி: உள்ளே இருக்கும் எண்ணிக்கை = வெளியேறும் வேகம் × உள்ளே இருக்கும் நேரம். தளத்தில் 600 பாகங்கள் கிடக்கின்றன, ஒரு நாளைக்கு 100 வெளியே போகின்றன என்றால், இப்போது உள்ளே வரும் பாகம் சராசரியாக ஆறு நாள் கழித்துத்தான் வெளியேறும். அதன்மேல் நடக்கும் உண்மையான வேலை 40 நிமிடம்தான் என்றாலும் சரி. டெலிவரி ஏன் தாமதமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

இன்னொன்று வரிசைக் கோட்பாடு. வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து, முடியும் நேரமும் கூடிக்குறையும் ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு வேலைக்கு 10 நிமிடம். அது 80 சதவீத நேரம் ஓடினால், எளிய மாதிரியின்படி வரிசையில் காத்திருப்பு சராசரி 40 நிமிடம். 90 சதவீதம் ஓடினால் 90 நிமிடம். 95 ஆனால் 190 நிமிடம். ‘மெஷின் சும்மா நிற்கக் கூடாது’ என்று கத்தும் மேலாளரிடம் இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

படி 4: கையால் தொட்டுப் பழகுங்கள்

முதல் வேலையில் நான் வரைந்த ஒரு பிராக்கெட்டில் செவ்வகப் பள்ளம் ஒன்று இருந்தது. நான்கு உள்மூலைகளும் கூர்மையாக. மில்லிங் மெஷினில் இருந்த மூத்தவர் ட்ராயிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, என் கட்டர் உருண்டையா இருக்கு. இந்த மூலைக்கு எந்த டூலைப் போடச் சொல்ற?” என்றார். சுழலும் எண்ட் மில் விடும் உள்மூலை எப்போதும் வளைவாகத்தான் இருக்கும். கூர்மை வேண்டுமென்றால் மின்பொறி அரிப்பு போல வேறொரு முறைக்குப் போக வேண்டும், செலவு எகிறும். அந்த மூலை கூர்மையாக இருக்க வேண்டிய தேவை எதுவுமே இல்லை என்பதுதான் வெட்கம். மூன்று மிமீ ரேடியஸ் கொடுத்து ட்ராயிங்கைத் திருத்தினேன். அந்த ரேடியஸ் அழுத்தக் குவிவையும் குறைக்கும் என்று பாடத்தில் படித்திருந்தேன். மெஷின் முன்னால் நிற்கும்வரை அது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே லேத், மில்லிங், டிரில்லிங், வெல்டிங் நான்கிலும் கொஞ்சமாவது கை வைத்துவிடுங்கள். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கூச்சமில்லாமல் படிக்க வர வேண்டும். ஒரே பாகத்தை நீங்களும் நண்பரும் பத்துப் பத்து தடவை அளந்து எழுதிப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாது. பாகம் மோசமா, அளவு மோசமா என்று பிரித்துப் பார்ப்பது தரத்துறையின் முதல் பாடம். வெப்பமும் விளையாடும்: ஒரு மீட்டர் எஃகுக் கம்பி 10 டிகிரி சூடானால் ஏறத்தாழ 0.12 மிமீ நீளும். அதனால்தான் அளவுகளை 20 டிகிரி செல்சியஸுக்கு என்று உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

ட்ராயிங் படிக்கத் தெரியாமல் இந்தத் துறையில் எங்கும் நகர முடியாது. டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் விலகல்), ஃபிட் (இரு பாகங்கள் பொருந்தும் இறுக்கம்), டேட்டம் (அளவுக்கு அடிப்படையான பரப்பு), வடிவத்துக்கும் இடத்துக்கும் விலகல் எல்லை சொல்லும் ஜிடி அண்ட் டி குறியீடுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பாகம் எதன்மேல் உட்காரப் போகிறது? அதைக் கேட்டுக்கொண்டே படித்தால் குறியீடுகள் தானாகப் புரியும். பாதுகாப்பு பற்றி இரண்டே வரி: சுழலும் மெஷின் அருகே கையுறையும் தொளதொளச் சட்டைக் கையும் கூடாது. மெஷினுக்குள் கையை விடுவதற்கு முன் மின்சாரத்தை அணைத்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மென்பொருள், அளவோடு

கணினியில் வரைய உதவும் கேட் (CAD) மென்பொருளில் ஒன்றை ஆழமாகக் கற்றால் போதும். சாலிட்வொர்க்ஸ் தெரிந்தவர் கேடியாவுக்கு மாறச் சில வாரம்தான் ஆகும். அடிப்படை இல்லாதவருக்கு ஐந்து மென்பொருள் தெரிந்தும் பயனில்லை. அன்ஸிஸ் போன்ற அனாலிசிஸ் மென்பொருளில் வண்ணப்படம் யாருக்கும் வந்துவிடும். ஓட்டுவதற்கு முன் ஒரு தாளில் தோராயக் கணக்குப் போட்டுவையுங்கள். திரையில் வந்த எண் பத்து மடங்கு விலகி நின்றால், எங்கோ அலகோ தாங்குமுனையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

இண்டஸ்ட்ரியல் பக்கம் எக்செல் இன்னும் ராஜா. அதோடு தரவுத்தளத்தில் தேட எஸ்க்யூஎல், கொஞ்சம் பைத்தான் நிரலாக்கம், புள்ளியியலுக்கு மினிடேப், ஏதாவது ஒரு சிமுலேஷன் மென்பொருள் இருந்தால் போதும்.

படி 6: ஒரே ஒரு புராஜெக்ட், முழுசாக

சான்றிதழ்களைவிட இதற்கு நேரம் கொடுங்கள். ஐந்து அரைகுறை புராஜெக்டைவிட, தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே செய்து, எண்ணோடு சொல்லக்கூடிய ஒன்று மேல்.

மெக்கானிக்கல் என்றால்: ஒரு சின்ன அலுமினிய பிராக்கெட் வடிவமைத்து, எத்தனை கிலோவில் வளையும் என்று முதலிலேயே எழுதிவையுங்கள். பிறகு செய்து, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு வளைத்துப் பாருங்கள். 80 கிலோ என்று கணக்கிட்டது 55இல் வளைந்தால் கொண்டாடுங்கள்; அந்த 25 கிலோ எங்கே போயிற்று என்று தேடும்போது கற்பதுதான் இண்டர்வியூவில் பேச உதவும். பாஹா, ஃபார்முலா ஸ்டூடன்ட் போன்ற வண்டிப் போட்டிகளில் சேர்ந்தால் சஸ்பென்ஷன் கை ஒன்றையாவது உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். டீ-ஷர்ட் போட்டுப் படம் எடுத்துக்கொண்டவரை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இண்டஸ்ட்ரியல் என்றால் தொழிற்சாலை தேவையே இல்லை. கல்லூரி நூலகக் கவுண்ட்டரில் அனுமதி வாங்கி மூன்று நாள் உட்காருங்கள். யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் நின்றார், கவுண்ட்டரில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து மறுபடியும் மூன்று நாள் அளந்தால், முன்பும் பின்பும் இரண்டு எண்கள் கையில் இருக்கும்.

படி 7: இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்வது

பெரிய பெயர் கொண்ட கம்பெனியில் மூலையில் உட்கார்ந்து பிபிடி தயாரிப்பதைவிட, இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒரு ஃபிக்ஸ்சர் வடிவமைப்பது நல்லது. முதல் வாரம் பேசாதீர்கள், பாருங்கள். எனக்குப் பிடித்த இடம் ஸ்கிராப் தொட்டி. கழித்துப் போட்ட பாகங்களை எடுத்து, ஒரே மாதிரிக் குறையுள்ளவற்றை அடுக்கிப் பார்த்தால், எந்த மெஷினில் என்ன நோய் என்று அரைநாளில் ஓரளவு தெரிந்துவிடும். ஆபரேட்டரிடம் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்பதைவிட, ‘தினமும் உங்களுக்குக் கடுப்பேற்றுவது எது?’ என்று கேளுங்கள். ஐடியா அவருடையது என்றால் அறிக்கையில் அவர் பெயரைப் போடுங்கள். அடுத்த ஐடியாவும் உங்களிடம்தான் வரும்.

படி 8: ரெஸ்யூமேயும் இண்டர்வியூவும்

‘லைன் பேலன்சிங்கில் (ஸ்டேஷன்களுக்கு வேலையைச் சமமாகப் பிரிப்பதில்) பங்களித்தேன்’ என்ற வரியை அடியுங்கள். ‘ஆறு ஸ்டேஷன்களை 40 தடவை வீதம் நேரம் பிடித்தேன், மிக மெதுவான ஸ்டேஷன் 74 விநாடியிலிருந்து 58க்கு வந்தது’ என்று எழுதுங்கள். இப்படி நான்கு வரி இருந்தால் ஒரு பக்கம் தாராளம்.

இண்டர்வியூவில் கேட்பது பெரும்பாலும் எளிய விஷயம்தான். மென்னெஃகின் தகைவு-திரிபு வரைபடத்தைப் போடு, ஐ-பீம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, இந்தத் துளையின் உள்விட்டத்தை எதனால் அளப்பாய், டாக்ட் டைம் என்றால் என்ன என்ற ரகம். (தேவையை ஈடுகட்ட ஒரு பாகத்துக்குக் கிடைக்கும் நேரம் அது. ஷிஃப்டில் வேலை நேரம் 27,000 விநாடி, தேவை 450 பாகம் என்றால் 60 விநாடி, அவ்வளவுதான்.) நான் ஆள் எடுக்கும்போது ஒரு பழைய பாகத்தை மேசையில் வைத்து, இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்பேன். கையில் எடுத்துத் திருப்பி, கட்டர் விட்ட கோடுகளை வெளிச்சத்தில் பார்ப்பவருக்குப் பாதி வேலை கிடைத்த மாதிரிதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 9: மேற்படிப்பும் சான்றிதழும்

டிப்ளமோவோடு வேலைக்குப் போய்ப் பிறகு பட்டம் படிப்பவர்கள், வகுப்பில் சரியான கேள்வி கேட்பார்கள். அந்தப் பாதையைக் குறைவாக நினைக்க வேண்டாம். முதுகலை உண்மையில் தேவைப்படுவது அனாலிசிஸ், கட்டுப்பாட்டு அமைப்பு, ஆபரேஷன்ஸ் ரிசர்ச், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு. மற்றவற்றில் இரண்டு வருட அனுபவம் அதே எடை. பொது மக்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட டிசைனில் கையெழுத்திட, சில நாடுகளில் உரிமம் கட்டாயம். அந்த வழியில் போவதாக இருந்தால் எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்களோ அதன் விதியை முதல் வருடமே பாருங்கள்.

குறைகளைப் புள்ளியியலால் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறை 1986இல் மோட்டோரோலாவில் பிறந்தது. அதன் சான்றிதழ் நிலைகளை ‘பெல்ட்’ என்பார்கள். முறை நல்லது. ஆனால் கையில் ஒரு புராஜெக்டும் இல்லாமல் வாங்கிய பெல்ட், இடுப்பில்கூடக் கட்ட உதவாது.

படி 10: முதல் ஐந்து வருடம்

1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. ஜப்பானிய இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோவும் அங்கிருந்தவர்களும் சேர்ந்து அதை முதலில் 90 நிமிடமாக்கினார்கள், பிறகு மூன்று நிமிடமாக்கினார்கள். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியது எது, நிறுத்தித்தான் செய்ய வேண்டியது எது என்று பிரித்தது இண்டஸ்ட்ரியல் மூளை. டைகளின் உயரத்தை ஒன்றாக்கி, பல சுற்றுச் சுற்ற வேண்டிய போல்ட்டுக்குப் பதில் ஒரே திருப்பில் பிடிக்கும் கிளாம்ப் வைப்பது மெக்கானிக்கல் மூளை. தொடக்கத்தில் சொன்ன பிரஸ்ஸின் 28 விநாடியும் இப்படித்தான் குறையும். அதனால் முதல் மூன்று வருடத்தில் எந்தப் பக்கம் சேர்ந்தாலும், ஒரு வருடமாவது மறுபக்கத்தில் வேலை கேட்டு வாங்குங்கள்.

நான்காவது வருடவாக்கில் பாதை பிரியும். ஆட்களை நடத்துவதா, ஒரு விஷயத்தில் ஆழமாகப் போவதா என்று. இரண்டிலும் வளர்ச்சி உண்டு. ஆனால் ஆட்களோடு பேசிப் பேசி மாலையில் சோர்ந்துபோகிறவர், பதவிக்காக மேலாளர் ஆகி அவதிப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலை மாறும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். வருடக் கடைசியில் ரெஸ்யூமேயைத் திறந்து, புதிதாக எண்ணோடு ஒரு வரி சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் முதலில் உள்ளுக்குள்ளேயே வேறு லைனோ வேறு பிரிவோ கேளுங்கள். ஆறு மாதத்தில் எதுவும் நகரவில்லை என்றால் வெளியே தேடுங்கள். போகும்போது கம்பெனியின் ட்ராயிங்கை பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். அடுத்த இண்டர்வியூவில் அதைத் திறந்து காட்டுபவரிடம், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் கம்பெனியின் ட்ராயிங்கை ஒப்படைக்க மாட்டார்.